கோல் கம்பத்துக்குப் பின்னால்

ஜனவரி 4, சனி

எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார் வக்கீல் ஹேமாவதி. "கோர்ட்ல என்னைக்கு என்ன சொன்னாங்கன்னு நீங்க மறந்துடுவீங்க. உங்க வீட்டுக்காரர் மாத்திச் சொல்வார்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நேற்று அவரைப் புழல் சிறையிலிருந்து விட்டார்கள். ஜாமீனுக்கு நிபந்தனை உண்டு. மகளிர் லீக் ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடந்தது இது. டிசம்பர் 22, ஞாயிறு. எங்கள் மகள் கெசியா கோல்கீப்பராக ஆடிய ஆட்டம். முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. லைன்ஸ்மேன் குமரகுரு கொடியைத் தூக்கினார். நம் பிள்ளைகளுக்கு எதிராக ஆஃப்சைடு கொடுத்துவிட்டார் என்று எண்ணி, இவர் கயிற்றைத் தாண்டி ஓடினார். கொடியைப் பிடுங்கி, அந்தக் கம்பாலேயே குமரகுருவைத் தோளில் அடித்தார். காறை எலும்பு முறிந்தது.

அது ஆஃப்சைடு கொடி இல்லை. எதிரணிப் பெண் ஒருத்தி கையால் பந்தைத் தடுத்திருந்தாள். எங்களுக்குப் பெனால்டி கொடுங்கள் என்று ரெஃப்ரீக்குச் சொல்லத் தூக்கிய கொடி.

ஆட்டம் அதோடு நின்றது. புள்ளிகள் எதிரணிக்குப் போயின. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 6, திங்கள்

கால்பந்து சங்கத்தின் முடிவும் வந்துவிட்டது. ஓராண்டு அவர் எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. மீறினால் கெசியாவின் அணியையே லீக்கிலிருந்து நீக்குவார்கள்.

கேட்டுவிட்டுத் தன் குட்டி யானை லோடு வண்டியைக் கழுவப் போனார். சுத்தமான வண்டியைத்தான் கழுவினார்.

கெசியா அவரோடு பேசுவதில்லை. "சாப்பாடு இருக்கு" என்று மட்டும் சொல்கிறாள், அதையும் சுவரைப் பார்த்து.

ஜனவரி 9, வியாழன்

நான் வேலை பார்க்கும் ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பு கொடுக்க ஆரம்பித்தோம். அரிசி, சர்க்கரை, முழுக் கரும்பு. வரிசை மாதா கோயில் வரை போனது. எல்லோரும் என் முகத்தைப் பார்க்கத்தான் வந்தது போல இருந்தது.

"இன்னா ரெபேக்காக்கா, நம்ம டீமுக்குப் பெனால்டி குடுத்தவரையே மாமா போட்டாராமே? எதிர் டீம்காரன் சிலை வைக்கப் போறானாம்" என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

"சிலை வெச்சா உன் வூட்டு வாசல்ல வெக்கச் சொல்றேன். கைவிரலை வை."

அரைமணி கழித்துக் குமரகுருவின் மனைவி வந்தாள். விரல் ரேகை இரண்டு முறை பதியவில்லை. மூன்றாவது முறை பதிந்தது. நான் கரும்புக் கட்டிலிருந்து தடித்ததாகப் பார்த்து உருவினேன்.

"பொறுக்கிக் குடுக்காதே" என்றாள். "எல்லாருக்கும் வரிசைல எது வருதோ, அதைக் குடு."

அடுத்து வந்தது மெல்லிய கரும்பு. அதையே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகர்ந்தவள் திரும்பி, "கையத் தூக்க முடியல அவரால. தலைகூட நான்தான் வாரி வுடறேன்" என்றாள். கத்திச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

ஜனவரி 12, ஞாயிறு

மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறும் கடை உண்டு. அவர் மூன்று மணிக்கு ஸ்டேஷன் போனார். ஆட்டம் சமன் என்று பாமாயில் வாங்க வந்த பையன்கள் சொன்னார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் அவர் என் முன்னால் வந்து நின்றார். நான் வாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ரெபேக்கா, இன்னைக்கு உனக்கு லீவுதானே. நீ போயேன்."

"எங்க?"

"கிரவுண்டுக்கு. கோல் போஸ்ட் பின்னாடி நம்மாளு யாராவது நிக்கணும். பாப்பாவுக்கு அது பழக்கம்."

பழக்கம்தான். கெசியாவுக்குப் பத்து வயதானபோது ஆரம்பித்தது. முதல் பாதியில் அவள் எந்தக் கோலில் நிற்கிறாளோ அதன் பின்னால் நிற்பார். இடைவேளையில் அவளோடு அடுத்த கோலுக்கு மாறுவார். "முன்னாடி வா", "எடது பக்கம்", "குதி" என்று கத்திக்கொண்டே இருப்பார். கோல் விழுந்தால் வலைக்குப் பின்னாலிருந்து ஒரே கேள்வி: "ஏன் விட்ட?"

எனக்குக் கால்பந்து தெரியாது. இத்தனை வருடத்தில் இரண்டு ஆட்டம் பார்த்திருப்பேன். அவர் கேட்டதற்காகப் போனேன். குடையைப் பிடித்துக்கொண்டு வலைக்குப் பின்னால் நின்றேன். வெயில். எதிரணி ஒரு கோல் போட்டது, நாங்கள் இரண்டு.

ஸ்டேஷன் மைதானத்துக்குப் பின் தெருவில்தான். முடிந்ததும் கூட்டி வரப் போனேன். ஏட்டு சம்பந்தம் என்னைப் பார்த்ததும் முறையிட்டார்.

"இன்னாம்மா இவரு? அந்தப் பக்கம் சத்தம் கேக்கும்போதெல்லாம் எழுந்துக்கறாரு. என் பேனா மூடியக் கடிச்சுத் துப்பிட்டாரு."

இவர் அதைக் காதில் வாங்கவில்லை. "எப்படி விட்டா?" என்றார்.

"பந்து வந்துச்சு. வலைக்குள்ள போச்சு."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"முன்னாடிலேர்ந்து."

தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஏட்டு சிரித்ததில் டீ சிந்தியது.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் மாதா கோயில் தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பிற்பகல் ஆட்டம். எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு இல்லை.

கார்னர் என்றால் என்ன என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காக.

திரும்பும்போது கெசியா என் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"நீ கத்தவே மாட்டேன்றியேம்மா."

"எனக்கு இன்னா கத்தணும்னு தெரியாது."

"தெரிஞ்சுக்காத" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடை. போக முடியவில்லை. மூன்றரை மணிக்கு மேல் ஒருவர் சர்க்கரையை இன்னொருவர் பையில் கொட்டிவிட்டேன். வெயில் காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு ஒன்று. அவர்களுடைய கோல் ஃப்ரீ கிக்கில் வந்தது. கோலை மறைத்துச் சுவராக நின்ற எங்கள் பிள்ளைகளில் வலது ஓரத்தில் இருந்தவள் பந்து வரும்போது திரும்பிக்கொண்டாள். அந்த இடைவெளியில் பந்து தரையோடு வந்தது. கெசியாவுக்கு அது தெரிந்திருக்கவே முடியாது. அதற்குப் பிறகு ஒற்றைக்கு ஒற்றையாக வந்த முன்கள ஆட்டக்காரியின் காலடியில் விழுந்து பந்தைப் பிடுங்கினாள். என் குடை எங்கே போனது என்று பிறகுதான் தேடினேன்.

ஸ்டேஷனில் இதை அப்படியே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏட்டு, "அம்மா ரேடியோல சேந்துடலாம்" என்றார்.

கெசியா அன்று எங்களோடு வந்திருந்தாள், வாசலில் நின்றாள். வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "அந்த ஒண்ணு. ஏன் விட்ட?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் சாப்டியா என்று கேட்பது போலத்தான் கேட்டார். அவருக்கு அது வாயில் வரும் வார்த்தை. கெசியா முன்னால் நடந்தாள். வீடு வரை முன்னாலேயே நடந்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கெசியாவுக்குக் கோல் விழவில்லை. நேற்றைய சாம்பாரைச் சுட வைத்துக்கொண்டோம்.

மார்ச் 5, புதன்

குமரகுரு கடைக்கு வந்தார். அவரே வந்தது அடிபட்ட பிறகு இதுதான் முதல் முறை. கட்டு அவிழ்த்துவிட்டார்கள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பையை வலது கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார். எனக்குப் பாமாயில் பாக்கெட்டை எண்ண வரவில்லை.

"நல்லாருக்கியாம்மா?" என்று அவர்தான் கேட்டார்.

"இருக்கேண்ணே."

"திரும்பக் கொடி புடிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஃபைனலுக்கு நான்தான். உங்க டீம் வந்துடும் போல இருக்கே."

"வந்துடும்ண்ணே."

பையை நீட்டினார். அரிசியைக் கொட்டினேன். அவர் போகவில்லை.

"உன் வக்கீலம்மா பேசினாங்க. சங்கத்துலயும் என்னைக் கேட்டாங்க. ஃபைனலுக்கு மட்டும் அவன் வரட்டும், எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன்."

பின்னால் நின்றவர், "இன்னாப்பா, அரிசி வாங்க வந்தியா, கதை பேச வந்தியா?" என்று கத்தினார்.

"கேஸ் கேஸாட்டம் நடக்கட்டும்" என்றார் குமரகுரு. "அவன் பண்ணது தப்பு. அது வேற. ஆனா பொண்ணு நல்லா ஆடுதும்மா. எதிர்ல நின்னு பாக்கறவன் நானு. பெத்தவன் பாக்காம இருக்கலாமா?"

மார்ச் 16, ஞாயிறு

அரையிறுதியில் ஜெயித்தோம். அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம்.

மார்ச் 18, செவ்வாய்

கோர்ட் நிபந்தனையைத் தளர்த்திவிட்டது. இனி ஸ்டேஷனில் உட்கார வேண்டாம். சங்கமும் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் இருப்பார். கயிற்றைத் தொட்டால் வெளியே.

அவர் கோர்ட் வாசலில் ஹேமாவதி மேடத்தைக் கும்பிட்டார். ஜூஸ் கடைக்காரரைக் கும்பிட்டார். வழியில் எதற்கு என்று தெரியாமல் ஒரு பஸ் கண்டக்டரையும் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து நீலச் சட்டையை எடுத்து அவரே இஸ்திரி போட்டார். எனக்குத் தெரிந்து அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது இன்றுதான். காலரில் மஞ்சளாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது.

"பாப்பா, அப்பா வர்றேன்" என்றார்.

கெசியா "ம்" என்றாள். கையுறைகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். ஏற்கெனவே வெளுத்த கையுறையை மறுபடி மறுபடி பிழிந்தாள்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்ல."

"கெசியா."

குழாயை மூடினாள். "அவர் பின்னாடி நின்னா எனக்குப் பந்து தெரியாதும்மா. அவர் இன்னா சொல்லப் போறார்னுதான் காது போவும். குதின்னு கத்தறதுக்கு முன்னாடி குதிச்சுடணும்னு குதிப்பேன். பந்து வேற எங்கயோ இருக்கும்."

அவள் கையிலிருந்த கையுறையை வாங்கி உதறினேன்.

"அவர் ஜெயில்ல இருந்தப்போ தினம் அழுதேன். உனக்குத் தெரியும். ஆனா அவர் இல்லாம ஆடின மொத மேட்ச்சு, வாழ்க்கைல மொத தடவையா அவ்ளோ அமைதியா இருந்துச்சும்மா. பந்து மட்டும் இருந்துச்சு. அதுக்கும் வூட்டுக்கு வந்து அழுதேன்."

"அவராண்ட சொல்லேன்."

"எப்படிம்மா சொல்றது? சட்டைய இஸ்திரி போட்டு வெச்சிருக்காரு."

மார்ச் 19, புதன்

இன்று சொல்லவில்லை. துவரம் பருப்பு மூட்டை வந்தது. எடை குறைவாக இருந்ததால் திருப்பி அனுப்பினோம்.

மார்ச் 20, வியாழன்

சொல்லவில்லை. அவர் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மார்ச் 22, சனி

மாலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் பிரியாணிதான் என்று அவரே முடிவு செய்திருந்தார். கெசியா பயிற்சிக்குப் போயிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து நானும் பூண்டு எடுத்துக்கொண்டேன்.

"யோவ். ஒண்ணு சொல்றேன். முழுசாக் கேளு."

சொன்னேன். குழாயடியில் அவள் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மென்மையாக்கிச் சொல்லலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். மென்மையாக்கினால் அவருக்குப் புரியாது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்திருந்தேன். அவர் பூண்டைத்தான் உரித்தார். எல்லாம் முடிந்த பிறகும் வெறும் தோலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"எப்பவுமேதான் போல."

"எனக்காகத்தான் ஆடுதுன்னு நெனச்சேன்."

"உனக்காகத்தான் ஆடிச்சு. அதான் கஷ்டம்."

எழுந்து கை கழுவினார். வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. கெசியா வந்தபோது இறங்கி அவள் பையை வாங்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

இரண்டு மணிக்கு அவர் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "நீ முன்னாடி போ. நான் வரேன்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கெசியா அணியோடு முன்பே போய்விட்டாள். அவளிடம் நான் சொன்னது, "அப்பாவுக்குத் தெரியும். நீ பந்தைப் பாரு" என்பது மட்டும்தான்.

முதல் பாதி முழுக்க அவரைத் தேடினேன். சங்கத்தார் அவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் இல்லை. அவருக்காக நின்ற போலீஸ்காரர் தனியாகக் கடலை தின்றுகொண்டிருந்தார். மதுக்கடைப் பக்கம் போயிருப்பாரோ என்ற பயம் வந்தது. கெசியாவும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அந்தப் பாதியில் அவளுக்கு ஒரு கோல் விழுந்தது. எட்டாத மூலைக்குப் போன பந்து. நாங்களும் ஒன்று திருப்பினோம்.

இடைவேளையில் நான் அடுத்த கோலுக்கு மாற நடந்தபோது போன் அடித்தது. ஏட்டு சம்பந்தம்.

"அம்மா, உன் வூட்டுக்காரரு இங்க வந்து உக்காந்துக்கினு இருக்காரு. கண்டிசன் முடிஞ்சுடுச்சுய்யா, கிரவுண்டுக்குப் போன்னா போவமாட்டேன்றாரு. கையெழுத்துப் போட ரெஜிஸ்டர் குடுன்றாரு. நான் எதுல வாங்கறது?"

"என்னாண்ட பேசச் சொல்லுங்க."

"பேசமாட்டாராம். நீ மேட்ச்சைப் பாப்பியாம்."

நான் அங்கேயே நின்றேன். மூக்கைத் துடைத்துக்கொள்ள நேரமானது. அதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. கோல் மாறாமல் அதே பக்கத்தில், கார்னருக்கு அருகில் கயிற்றை ஒட்டி நின்றுவிட்டேன். கெசியா இப்போது எதிர் முனையில் இருந்தாள். எங்கள் பிள்ளைகள் என் பக்கம் தாக்கினார்கள். எனக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, குமரகுரு கொடியோடு ஓடிக்கொண்டிருந்தார். இறங்கிய தோளோடுதான் ஓடினார்.

அவர்கள் இரண்டாவது கோலைப் போட்டார்கள். தூரத்தில் நடந்ததால் எப்படி விழுந்தது என்று சரியாகத் தெரியவில்லை. பிறகு கடைசி நிமிடங்களில் எங்கள் ஒன்பதாம் எண் பிள்ளை பந்தை வாங்கித் திரும்பி வலையில் அடித்தாள். இரண்டுக்கு இரண்டு! எல்லோரும் குதித்தார்கள். குமரகுருவின் கொடி மேலே இருந்தது. ஆஃப்சைடு.

நான் அவருக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன். கடைசித் தடுப்பாட்டக்காரியின் கால் எங்கள் பிள்ளையைவிடக் கோலுக்கு அருகில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். "யோவ், இன்னா கொடி அது? கண்ணு இருக்கா உனக்கு?" என்று யாரோ கத்தினார்கள். என் குரல்தான். குமரகுரு திரும்பினார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். என் இரண்டு காலும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தன. கையில் மடக்கிய குடை இருந்தது.

"நீயுமாம்மா?" என்றார்.

குடையைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தேன். அவர் கொடியை இடது கைக்கு மாற்றி, வலது கையால் என் குடையை எடுத்து நீட்டினார். பிறகு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

கெசியா பதக்கத்தைக் கழுத்தில் போடாமல் பைக்குள் வைத்தாள். "அப்பா எங்கம்மா?" என்றாள். சொன்னேன். அவள் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஸ்டேஷனில் பெஞ்சின் ஓரத்தில், எப்போதும் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். யாரும் சொல்லாமலே முடிவு அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜெயித்திருந்தால் பட்டாசுச் சத்தம் அந்தத் தெருவுக்குக் கேட்டிருக்குமே.

கெசியா அவர் எதிரில் போய் நின்றாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு விட்டேம்பா."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். எட்டு வருடமாக அந்த இடத்தில் வரும் வார்த்தை எது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். ஏட்டுகூடப் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"நீ எங்க விட்ட? அவளுங்க போட்டாளுங்க" என்றார்.

கெசியா அழ ஆரம்பித்தாள். அவர் அவள் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். இரண்டும் உள்ளே போகவில்லை, விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியே மூவரும் வீட்டுக்கு நடந்தோம். நடுவில் கெசியா இருந்தாள்.

பிரியாணிக்கு உப்பு குறைவு. யாரும் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

காலையில் இரண்டு டம்ளரையும் ஒரு தீப்பெட்டியையும் வைத்து அவருக்கு விளக்கினேன். இது தடுப்பாட்டக்காரி, இது நம் பிள்ளை, பந்து இங்கிருந்து புறப்பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"குமரகுரு கொடி தூக்கினா அது ஆஃப்சைடுதான்" என்றார். "லைன்ஸ்மேன் சொன்னா கேட்டுக்கணும்."

கெசியா டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

கடைக்கு நேரமாகிவிட்டது. குமரகுரு இந்த மாதச் சர்க்கரையை இன்னும் வாங்கவில்லை. வந்தால் வரிசையில் வருவதைத்தான் கொடுப்பேன், மன்னிப்பும் கேட்பேன். ஆனால் அது ஆஃப்சைடு இல்லை.